பார்க்கிங்கில் பிறந்த கன்று

தாராவியை விட்டு வாங்கணிக்குக் குடிவந்தபோது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை வேண்டும். எனக்கு வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வேண்டும். விடியுமுன் வாளியோடு வரிசையில் நின்று நின்று அலுத்துப்போயிருந்தேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, வழக்கம்போல முதலில் ஒன்றும் சொல்லவில்லை. தாராவியில் தோல் பை செய்கிற பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் தோலை விரித்துவைத்து வெட்டுகிற வேலை. அங்கேயும் பேச்சு கிடையாது, வீட்டிலும் கிடையாது. நான் விடாமல் கேட்கவே, "ஜன்னலத் தொறந்தா ஏதாவது தெரியணும்" என்றார்.

எங்கள் தாராவி அறையிலும் ஜன்னல் இருந்ததுதான். திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது தெரியும், வேறொன்றும் தெரியாது.

வாங்கணி பத்லாபூரைத் தாண்டி இருக்கிறது. கர்ஜத் போகிற லோக்கல் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன். அந்த இடத்தை மும்பை என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பாதி வழிவரைக்கும் மொபைல் கடை, சிமெண்ட் கடை, வடாபாவ் வண்டி என்று வரும். அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுபோய் நெல்வயல். வயலுக்கு நடுவில் எங்கள் கட்டடம் மட்டும் ஒண்டியாக நிற்கும். பின்னால் மாதேரான் மலை. வயலின் கடைசியில் ஒரு மரவரிசை தெரியும், அதற்கப்பால் உல்லாஸ் ஆறு.

இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. வந்த முதல் நாள் அவர் ஜன்னலைத் திறந்துவைத்து நின்றவர், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால், கீழே நாலு எருமைகள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சேலையைக் கால்களுக்கு நடுவே வாரிக் கட்டிய ஒரு பெண்.

ஆசைப்பட்டு வந்தவருக்குத்தான் முதல் வாரம் முழுக்கத் தூக்கமில்லை. "என்ன எழவோ, சத்தமே இல்ல. தூக்கம் வரமாட்டுக்கு" என்பார். தவளைக் கத்தல் இருக்கிறதே என்றால், அது சத்தமாம்மா என்பார். தாராவியில் தலைமாட்டிலேயே தையல் மெஷின் ஓடும், பக்கத்து வீட்டு டிவி ஓடும், சந்தில் கைவண்டி ஓடும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே நாற்பது வயதைக் கடந்தவர். கடைசியில் மழைக்காலக் குளிரிலும் ஃபேனைக் கடகடவென்று ஓடவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டார்.

எனக்குக் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பித்தூள் கடையில் பில் போடுகிற வேலை. காலையில் இருட்டோடு கிளம்பி, தாதரில் இறங்கி, அங்கிருந்து ஸ்லோ வண்டி பிடித்து மாட்டுங்கா, அப்புறம் கடைக்கு நடை. சாயங்காலம் வரும்போது கர்ஜத் லேடீஸ் பெட்டியில் பத்லாபூர் வந்ததும் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். அதற்கப்புறம் உட்கார இடம் கிடைக்கும், ஜன்னல் வழியே ஈர மண் வாசனை வரும். எனக்கு ஊர் என்றால் தாராவிதான். அப்பா, அம்மாவின் திருநெல்வேலிப் பக்கத்துக்குக் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போய் வந்ததோடு சரி. வயல், வரப்பு, மாடு, கன்று எல்லாம் எனக்குப் புதுசு. புது ஊருக்கு வந்த ஆள் மாதிரிதான் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன்.

அந்த எருமைக்காரப் பெண்ணை எல்லாரும் மாவ்ஷி என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம். புருஷன் இறந்துவிட்டான், ஒரே மகன் பத்லாபூரில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆற்றுக்குப் போகிற வழியில், பள்ளத்தில், அவள் வீடும் தொழுவமும். எங்கள் கட்டடம் வருவதற்கு முன்னால் அவளுடைய எருமைகள் இந்த இடத்தின் நடுவே நடந்துதான் ஆற்றுக்குப் போகுமாம். கட்டடம் வந்ததும் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. மனிதர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். எருமைகள் பழகவில்லை. தினமும் கேட்டுக்கு முன்னால் வந்து ஒரு நிமிஷம் நிற்கும். திறக்கமாட்டார்களா என்று பார்க்கும். சாணியைப் போட்டுவிட்டுப் போகும்.

அந்தச் சாணிதான் பிரச்சினை. எங்கள் சொசைட்டி செக்ரட்டரி தாணேயிலிருந்து வந்தவர். ரிட்டயர் ஆன மனிதர். நல்லவர்தான், ஆனால் எதுவும் சுத்தமாக, ஒழுங்காக இருக்கவேண்டும் அவருக்கு. செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால்கூட நின்று நேராக்கிவிட்டுப் போவார். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை என்று கேட்டில் ஒரு போர்டு மாட்டினார். போர்டு நன்றாக இருந்தது. எருமைகள் அதில் முதுகைச் சொறிந்துகொண்டன.

மாவ்ஷியிடம் நான் பால் வாங்க ஆரம்பித்தேன். அவளுக்கு மராத்தி மட்டும்தான் சரளம். எனக்குத் தெரிந்தது தாராவி ஹிந்தி. இரண்டுக்கும் நடுவே கையும் முகமும் வைத்துப் பேசிக்கொள்வோம். தமிழ்ப் பெண்களை அக்கா என்று கூப்பிடவேண்டும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறாள் போல. முதல் நாளிலிருந்தே நான் அவளுக்கு அக்காதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க நான் இறங்கியபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். நாலு எருமைகளில் பெரியது ஒன்று, நெற்றியில் வெள்ளைச் சுழியோடு, சுவரோரமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டி விலாவின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"என்ன?" என்றேன்.

"சூடா இருக்குட்டி."

"உசுரோட இருந்தா சூடாத்தான் இருக்கும்."

"அதில்ல." என்னமோ சொல்ல வந்தார். "இத்தன வருசமா எம்புட்டுத் தோலு தொட்டிருப்பேன். சூடா ஒண்ணுகூடத் தொட்டதில்ல."

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பால் வாங்குவது அவர் வேலையாயிற்று. பால் பாத்திரத்தோடு போனவர் வெகுநேரம் கழித்து வருவார், சட்டையெல்லாம் எருமை வாசத்தோடு. உன் புருஷனுக்கு என் எருமை மேல் கண் என்று மாவ்ஷி மராத்தியில் சொல்லிச் சிரிப்பாள். காலேஜில் படிக்கிற எங்கள் மகள் அதை மொழிபெயர்த்துச் சொல்லி, "அப்பா, அம்மா ஜெலஸ் ஆயிடுவாங்க, தியான் ரக்கோ, உஷாரா இருங்க" என்பாள். தமிழும் ஹிந்தியும் கலக்காமல் ஒரு வாக்கியம் பேச அவளுக்கு வராது. தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் மராத்தி பள்ளிக்கூடத்தில் படித்ததால் எங்கள் இருவரையும்விட நன்றாகப் பேசுவாள்.

அந்தச் சுழி எருமை சினையாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஈனும் என்று மாவ்ஷி சொல்லியிருந்தாள்.

ஜூலையில் ஒரு நாள், இரவு தொடங்கிய மழை விடிந்தபிறகும் விடவில்லை. வேலைக்குக் கிளம்ப எழுந்து போனைப் பார்த்தால், பத்லாபூருக்கு இந்தப் பக்கம் வண்டியே இல்லை என்று லேடீஸ் பெட்டிக் குரூப்பில் செய்தி. சரி, இன்றைக்கு வீடுதான் என்று ஜன்னலைத் திறந்தேன். வயலைக் காணோம். முந்தின நாள் நட்டிருந்த நாற்று, வரப்பு, ஆற்றுக்குப் போகிற தடம் எதுவும் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரே தண்ணீர், ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே மரங்களின் தலை மட்டும். ஆறு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை, அதுதான் எங்களைத் தேடி வந்திருந்தது.

"ஏங்க, இங்க வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். முதல் வார்த்தையாக, "மாவ்ஷி வீடு பள்ளத்துலல்லா இருக்கு" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, "அக்கா! ஏ அக்கா!" என்று கீழேயிருந்து குரல் கேட்டது. மாவ்ஷி இடுப்பளவுத் தண்ணீரில் வந்துகொண்டிருந்தாள். மூன்று எருமைகள் முன்னால் நீந்துவதும் நடப்பதுமாக வந்தன. நாலாவது, சுழி எருமை, அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தாளே தவிர இழுக்கவில்லை. தோளைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் இறங்கி ஓடினோம். கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் செக்ரட்டரியைக் கேட்காமல் திறக்கமாட்டேன் என்று நின்றான். செக்ரட்டரி குடையோடு வந்தார். அவருக்குப் பின்னால் மாடிப்படியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் கல்யாணிலிருந்து வந்தவர்கள், உல்லாஸ்நகரில் கடை வைத்திருக்கிறவர்கள், சயானிலிருந்து வந்தவர்கள் என்று பலபேர். ஒருவர் பெயர் ஒருவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

பார்க்கிங் மாடு கட்டுகிற இடம் இல்லை, கார்கள் நிற்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்றைக்கு ஒருத்தரை விட்டால் நாளைக்கு எல்லாரும் வருவார்கள் என்று செக்ரட்டரி ஹிந்தியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ரூல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மாவ்ஷி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் பேசினாள். கத்தவில்லை. என் மகள் எனக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "முன்னாடி வெள்ளம் வந்தா பானி இந்த ஜாகாவுல வந்து நிக்குமாம். இப்ப இங்க மண்ணு போட்டு மேடாக்கி ஊஞ்சா பண்ணிட்டீங்கன்னு சொல்றாங்க. அதான் அது அவங்க வீட்டுக்கு வந்துடுச்சாம். நாங்க எங்க போறதுன்னு கேக்கறாங்க."

செக்ரட்டரி வயல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். குடையின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவர் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. சொசைட்டி மீட்டிங்கில் இதுவரை ஒரு தடவைகூட வாய் திறக்காத என் வீட்டுக்காரர் முன்னால் போனார். "ஸாப், யே பேட் ஸே ஹை" என்றார். ஐயா, இது சினையாக இருக்கிறது என்று அவ்வளவுதான். தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டைத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை.

எருமைகள் உள்ளே வந்து, ஏதோ மறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி, நேராக ஆறு இருக்கும் பக்கத்து மூலைக்குப் போய் நின்றன. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே பார்க்கிங். ஸ்கூட்டர்களை எல்லாரும் ஓரமாகத் தள்ளினார்கள். மாவ்ஷி சுழி எருமையை ஒரு தூணருகே நிறுத்தினாள். அது நிற்கவில்லை, படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. அதன் விலா இறுகி இறுகித் தளர்ந்தது. மாவ்ஷி வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எந்த மொழியும் தேவைப்படவில்லை, அதற்கு நேரம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

ரொம்ப நேரம் போராடியது. முதலில் ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. மாவ்ஷி மகனுக்குப் போன் போட்டாள். அவன் பத்லாபூரில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டு டாக்டருக்கு என் மகள் போன் போட்டாள். அவராலும் வர வழியில்லை, லைனிலேயே இருக்கிறேன் என்றார். டாக்டர் சொல்வதை அவள் மாவ்ஷிக்கு மராத்தியில் சொன்னாள், எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "இன்னொரு கால் உள்ள மடங்கி இருக்காம். கைய விட்டு நேரா, சீதா பண்ணணுமாம். தேல் வேணுமாம் அம்மா, தேல்."

நான் மாடிக்கு ஓடித் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்தேன். மாவ்ஷி முழங்கைவரை எண்ணெய் பூசிக்கொண்டு, கன்னத்தை எருமையின் மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கை விட்டுத் தேடினாள். வாய்க்குள்ளே ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். எருமையின் தலையை நான் என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். அது கத்தவில்லை. பெருமூச்சு விட்டது, ஒவ்வொரு மூச்சும் என் சேலையை நனைத்தது. அதன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இந்தா முடிஞ்சிரும், இந்தா முடிஞ்சிரும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரசவ வார்டில் எனக்கு யாரோ சொன்ன வார்த்தைகள்தான்.

அப்போது பக்கத்தில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. செக்ரட்டரி. மூடி போட்டு, வாரம்தோறும் துடைத்து வைத்திருக்கிற அவருடைய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டுகிற மழையில், திறந்த வெளியில் நிறுத்திவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. "அபி ஜாகா ஹை" என்றார். இப்போது இடம் இருக்கிறது. மாடியிலிருந்து அவர் மனைவி ஒரு வாளி வெந்நீரும் பழைய பெட்ஷீட்டும் கொண்டுவந்தார்.

மடங்கிய கால் நேராகிவிட்டது என்று மாவ்ஷியின் முகத்திலேயே தெரிந்தது. "பாவூ, தர்! ஓட்!" என்றாள் என் வீட்டுக்காரரைப் பார்த்து. அண்ணா, பிடி, இழு. அவர் அந்த வழுக்குகிற இரண்டு முன்னங்கால்களையும் பெட்ஷீட்டால் சுற்றிப் பிடித்தார். எருமை முக்கும்போது இழுக்கவேண்டும், அது ஓயும்போது விடவேண்டும். மாவ்ஷி "ஓட்" என்றால் இழுப்பார், "ஹளூ" என்றால் தளர்த்துவார். மூக்கு வந்தது, நெற்றி வந்தது, அப்புறம் ஒரே வழுக்கலில் முழுக் கன்றும் அவர் மடியில் விழுந்தது.

அசையவில்லை.

மாவ்ஷி அதன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள், மூக்கை வழித்தாள், ஊதினாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கன்றின் விலாவைத் தேய்க்க ஆரம்பித்தார். "அம்மா, மூக்குல காஸ், புல்லு மாதிரி ஏதாவது விட்டுக் குறுகுறுன்னு பண்ணணுமாம், ஜல்தி!" என்று மகள் போனைக் காதில் வைத்தபடி அழுகுரலில் கத்தினாள். நான் படியடியில் கிடந்த பூந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி நீட்டினேன். மாவ்ஷி அதை மூக்கில் விட்டுச் சுழற்றினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுழற்றினாள். கன்று தும்மியது.

தும்மி, தலையை ஆட்டி, காதை உதறியது. மாடிப்படியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். செக்ரட்டரி குனிந்து பார்த்து, "க்யா ஹை?" என்று கேட்டார். "பாரடி!" என்றாள் மாவ்ஷி, பெண் கன்று. அவள் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

என் வீட்டுக்காரர் மட்டும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கன்று நன்றாக மூச்சு விட்டது, கண் திறந்து பார்த்தது, அப்போதும் துண்டால் தேய்த்துக்கொண்டேயிருந்தார். "பஸ், பாவூ, பஸ்" என்று மாவ்ஷி, போதும் என்பதுபோல், அவர் கையைப் பிடித்தாள். அப்புறம்தான் விட்டார். தாய் எருமை எழுந்து, அவர் விட்ட இடத்திலிருந்து நக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு கீழே வந்தது. போஹா, தெப்லா, எங்கள் வீட்டு இட்லி. ஈரச் சேலையை மாற்ற மாவ்ஷிக்கு என் சேலையைக் கொடுத்தேன். இரண்டு நாள் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பாதி நேரம் கீழே எருமைகளோடு, மீதி நேரம் எங்கள் ஜன்னலில். தன் வீடு இருந்த திசையில் கூரை தெரிகிறதா என்று பார்ப்பாள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. தொழுவத்தின் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது, வீடு நின்றது.

அவள் கிளம்பும்போது பால் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். உள்ளே பால் கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. "கர்வஸ்" என்றாள். தாதரில் பால்கடைகளில் சதுரம் சதுரமாக வெட்டி விற்கிற இனிப்புக்கு அதுதான் பெயர். பலதடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அது சீம்பாலில் செய்வது என்று எனக்குத் தெரியாது. சீம்பால் என்பது அம்மா வாயால் கேட்ட வார்த்தை, கர்வஸ் தாதரில் தின்ற பண்டம். இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தேன். தானாகவே உறைந்து கட்டியாயிற்று.

சாயங்காலம். மகள் மாவ்ஷி வீட்டைக் கழுவிவிடப் போயிருந்தாள். அவர் ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம மூத்தவன்" என்றார்.

எங்களுக்கு மகளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது. ஆண். அழவேயில்லை. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். அவர் வெளியே வராந்தாவில் நின்றிருந்தார். துணியில் சுற்றித்தான் அவரிடம் கொடுத்தார்கள். அவரும் அவர் அண்ணனும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. மகள் பிறந்தபோதும் பேசவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் மற்றவர் தாங்கமாட்டார் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

"அவனையும் இப்படித் தொடச்சிருப்பாவளா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். "இல்ல, அப்படியே துணியச் சுத்திட்டாவளா?"

இத்தனை வருஷமாக அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தொடச்சாங்க" என்றேன். "நான் பாத்தேன். வயசான நர்சம்மா ஒருத்தி. மடியில போட்டு முதுகத் தேய்ச்சா, உள்ளங்காலத் தட்டுனா, ஊதுனா. போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவ விடல. அதுக்கப்புறமும் எம்புட்டு நேரம் தேய்ச்சிக்கிட்டே இருந்தா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவ அழுதா. நான்கூட அப்ப அழல."

அவர் மடியிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதேட்டி" என்றார்.

"நீங்க கேக்கல."

"கேக்க பயமா இருந்துச்சு."

"எனக்கும் சொல்ல பயமாத்தான் இருந்துச்சு."

அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். உங்க மூக்கு என்றேன். தலை நிறைய முடி என்றேன். அவர் அண்ணன் துணியை விலக்கிப் பார்க்க விடவில்லையாம். நான் சொல்லச் சொல்ல, பரிசோதிக்கிற மாதிரி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன். துக்கம்தான், ஆனால் முன்பு இருந்த மாதிரி இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே இறக்கி ஒன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது. மகள் காலெல்லாம் சேற்றோடு உள்ளே வந்து எங்களைப் பார்த்து, "க்யா ஹுவா? யாருக்கு என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அவளை உட்காரவைத்து அவளுடைய அண்ணனைப் பற்றி முதன்முதலாகச் சொன்னோம். அவள் அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீம்பால் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருந்தது.

மழை ஓய்ந்ததும் மாவ்ஷிக்குத் தொழுவத்தைத் திரும்பக் கட்டும் வேலை வந்தது. பழைய பள்ளத்திலேயே கட்டினால் அடுத்த வருஷமும் இதே கதைதான் என்று செக்ரட்டரிதான் முதலில் சொன்னார். எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் அவளுக்கே சொந்தமான ஒரு துண்டு நிலம் கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கே கட்டலாம் என்றார். பில்டர் விட்டுப்போன பிளாக் கற்கள் சொசைட்டி மூலையில் பாசி பிடித்துக் கிடந்தன. எடுத்துக்கொள் என்று மீட்டிங்கில் எல்லாரும் கை தூக்கினார்கள். கூடவே, சுவரோரமாக எருமைகள் நடக்க ஒரு தடம் விடுவதற்கும் கை தூக்கினார்கள்.

கூரை போட்ட நாளில் அவர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். மாவ்ஷியின் மகன் கூரை மேல் உட்கார்ந்து தகரத்தை முடுக்கிக்கொண்டிருந்தான். கீழே என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் சிமெண்ட். கன்று அவருடைய சட்டை நுனியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. ஏணியை விட முடியாததால் அதை விலக்க முடியாமல் அப்படியே நின்றிருந்தார்.

"நல்லவேள வந்த" என்றார் என்னைப் பார்த்ததும். "இவள கொஞ்சம் அங்கிட்டு இழு. புதுச்சட்டட்டி இது."

நான் பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கன்றின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். பலமாக இருந்தது. வரவில்லை.